நூற்றுக்கு எத்தனை

1908ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டி 'சயன்ஸ்' இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். நமக்கெல்லாம் ஹார்டி என்றால் இராமானுஜனைக் கப்பலேற்றி வரவழைத்தவர். இது அதற்குச் சில ஆண்டுகள் முந்திய கதை. ஓங்கிய பண்பு ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக்கொண்டே போகாதா என்ற சந்தேகத்தை உயிரியலாளரான நண்பர் பன்னெட் அவரிடம் கொண்டுவந்தார். ஹார்டி பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்கிலேயே பதில் சொல்லிவிட்டார்: போகாது. தானாக எதுவும் மாறாது. மக்கள்தொகை பெரிதாக இருந்து, வெளியிலிருந்து யாரும் வராமல், உள்ளிருந்து யாரும் போகாமல், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு துணை தேடி, எல்லார் பிள்ளைகளும் ஒரே அளவில் பிழைத்து, மரபணுவில் புதுப்பிழை எதுவும் நேராமல் இருந்தால், ஒரு மரபணு வடிவம் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு அப்படியே நிற்கும். அதே ஆண்டு ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதையே கண்டு சொன்னார்.

உலகில் எந்த ஊரிலும் இந்த நிபந்தனைகள் நிறைவேறுவதில்லை. அவை மீறப்படும் வழிகளைத்தான் பாடநூல் ஐந்து காரணிகளாக அடுக்குகிறது: சடுதிமாற்றம், இயற்கைத் தேர்வு, குடிபெயர்வால் வரும் மரபணு ஓட்டம், தற்செயலால் வரும் மரபணு நகர்வு, துணையைத் தேர்ந்தெடுத்து மணப்பது. லிட்டில் இந்தியாவில், கீழே மளிகைக் கடையும் மேலே துணைப்பாட நிலையமுமாக இருக்கும் ஒரு பழைய கடைவீட்டில் இந்த ஐந்தையும் பல வருஷமாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தே நிமிஷத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இந்தப் பட்டியலுக்குள் ஓர் அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஐந்தில் சில நம்மைக் கேட்டு வருவதில்லை. சிலவற்றில் நம் கை இருக்கிறது. கை இருக்கும் இடத்தில், அந்த விகிதத்தை நாம் விரும்பும் பக்கம் தள்ளலாமா?

*

முதலில் நம்மைக் கேட்காமல் வருகிறவை.

சிங்கப்பூர் மரபணு ஓட்டத்தால் ஆன ஊர். 1819க்குப் பிறகு தெற்குச் சீனத்திலிருந்தும் தீவுக்கூட்டத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள்தான் நாம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய பத்துப் பேரிடம் என்ன இருந்ததோ அதுதான் இங்கே இறங்கியது. ஊரில் அபூர்வமாக இருந்த ஒன்று அந்தப் பத்தில் இருவரிடம் இருந்திருக்கலாம். ஊரில் பரவலாக இருந்தது ஒருவரிடமும் இல்லாமல் போயிருக்கலாம். யார் கப்பலேறினார் என்பதைக் கடனும் பஞ்சமும் கங்காணியும் முடிவு செய்தார்கள். மரபணு நகர்வு என்பது இதுதான். 2019இல் சிங்கப்பூரர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதில் இந்தியர்கள் 1,127 பேர். கண்டெடுத்த மரபணு வேறுபாடுகளில் பாதிக்கு மேல் அதுவரை எங்கும் பதிவாகாதவை.

சடுதிமாற்றத்துக்கு நம் இதயமே சாட்சி. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுகிறது. பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் தன் வேலையைக் காட்டும்; அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள். இயற்கைத் தேர்வின் கண்ணில் அது படவே இல்லை. ஜாதிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே வந்த பிழை என்பதால் ஜாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரிடமும் இருக்கிறது.

இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நீலகிரியை விட நல்ல பாடம் கிடையாது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் இரத்தணுப் பண்பைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அதை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. இரண்டு பிரதி இருந்தால் கொடிய நோய். கொசு இருக்கும் காட்டில் அது வரம்; கொசு இல்லாத நகரத்தில் சுமை. 'நல்ல மரபணு', 'கெட்ட மரபணு' என்று பேசுகிறவர்கள் எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1982இல். சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும் கால்வாய்க்கு எண்ணெய் அடித்ததும் இந்த ஊரில் தேர்வின் விதியையே மாற்றிவிட்டன. யாரும் மரபணுவை நினைத்து அதைச் செய்யவில்லை.

அடுத்த ஆண்டே ஒருவர் மரபணுவை நினைத்துப் பேசினார்.

*

1983 ஆகஸ்ட் 14. தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ குவான் இயூ 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விரித்துவைத்தார். படிக்காத பெண்களுக்குச் சராசரியாக மூன்றரைப் பிள்ளை. உயர்கல்வி பெற்ற பெண்களுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். பட்டதாரிப் பெண்களில் பலர் மணமாகாமலே இருக்கிறார்கள், ஆண்கள் தங்களைவிடக் குறைவாகப் படித்தவர்களைத்தான் கட்டுகிறார்கள். அறிவில் எண்பது விழுக்காடு பிறப்பில் வருவது என்ற ஆய்வை எடுத்துக்காட்டி, இப்படியே போனால் நாட்டின் தரம் தாழும் என்றார்.

1984 ஜனவரியில் பட்டதாரித் தாய்மார்கள் திட்டம் வந்தது. மூன்று பிள்ளை பெறும் பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. ஜூனில் அதன் மறுபக்கம் வந்தது. சாதாரண நிலைத் தேர்வில் தேறாத, முப்பது வயதுக்குட்பட்ட, வருமானம் குறைந்த தாய் ஒன்றோ இரண்டோ பிள்ளையோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. பணம் கைக்கு வராது, மத்திய சேமநிதிக் கணக்கில் சேர்ந்து வீடு வாங்க உதவும். பட்டதாரி ஆண்களும் பெண்களும் பழகுவதற்குச் சமூக மேம்பாட்டுப் பிரிவு என்ற அரசாங்க அலுவலகமும் அதே ஆண்டில் தொடங்கியது. சலுகை பெறவிருந்த பட்டதாரிப் பெண்களே பலர் எதிர்த்து எழுதினார்கள். அந்த டிசம்பர் பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு ஏறக்குறைய 13 விழுக்காட்டுப் புள்ளிகள் இறங்கியது; வேறு காரணங்களும் இருந்தன, இதுவும் ஒன்று. பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு 'அவேர்' என்ற பெண்கள் அமைப்பு உருவானதிலும் இந்த விவாதத்துக்குப் பங்கு உண்டு.

1984இல் என் அம்மாவுக்கு 27 வயது. எட்டாம் வகுப்புப் படிப்பு. இரண்டு பிள்ளைகள். அப்பா துறைமுகத்தில் கூலி. எல்லா நிபந்தனைக்கும் அச்சு அசலாகப் பொருந்தினார். மாடியிலிருந்த ஒரு அக்கா வந்து, "பத்தாயிரம் வெள்ளி சும்மாவா? வீட்டுக்கு முன்பணம் ஆச்சே" என்று சொல்லிப் பார்த்தாராம். அப்பா இரண்டு நாள் யோசித்தாராம். அம்மா யோசிக்கவில்லை. "என் வயித்துக்கு யாரு வெல போடுறது?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாராம். நான் 1986இல் பிறந்தேன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு என்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நான் பிறந்துவிட்டேன் என்பது வாதமாகாது. பிறக்காமல் போனவர்கள் ஏராளம். அவர்கள் யாரும் வந்து புகார் சொல்வதில்லை. வாதம் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

*

அறிவியல் தரப்பிலிருந்து வரும் மறுப்பு எளிது. உயரமும் ஏறக்குறைய எண்பது விழுக்காடு மரபுவழி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து நடப்பதைப் பாருங்கள், பேரன் அரைச் சாண் கூடுதலாக இருப்பான். இரண்டு தலைமுறையில் மரபணு மாறிவிடவில்லை. சோறும் பாலும் தடுப்பூசியும் மாறியிருக்கின்றன. எண்பது விழுக்காடு என்பது ஒரு கூட்டத்துக்குள், ஒரு சூழலில், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண். ஒருவருடைய மூளையை எண்பது, இருபது என்று கூறு போட்டது அல்ல. அம்மா எட்டாவதோடு நின்றதற்குக் காரணம் அவர் ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. அடுத்த ஊருக்கு வயசுக்கு வந்த பெண்ணைப் பஸ்ஸில் அனுப்பமாட்டார்கள். அவருடைய சான்றிதழை வைத்து அந்தப் பஸ் தடத்தை வேண்டுமானால் அளக்கலாம்.

ஹார்டியின் கணக்கே இன்னொரு மறுப்பு. இரண்டு பிரதி சேர்ந்தால்தான் தெரியும் ஒரு குறைபாடு பத்தாயிரம் பிறப்பில் ஒன்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மரபணு வடிவம் நூற்றுக்கு ஒன்று. பாதிக்கப்பட்ட அந்த ஒருவருக்கு எதிரே, ஒரு பிரதியைச் சுமந்தபடி நலமாக நடமாடுகிறவர்கள் 198 பேர். பாதிக்கப்பட்டவர் எவருக்கும் பிள்ளையே இல்லாமல் ஒவ்வொரு தலைமுறையிலும் தடுத்தாலும், நூற்றுக்கு ஒன்று இருநூற்றுக்கு ஒன்றாகக் குறைய நூறு தலைமுறை ஆகும். அதாவது ஏறக்குறைய 2,500 ஆண்டுகள். பன்னெட் 1917லேயே இந்த வகைக் கணக்கைப் போட்டுக்காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் ஸ்வீடன் போன்ற மக்கள்நல நாட்டிலேயே 1930களிலிருந்து 1970கள்வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் பலர் விருப்பத்தோடு வந்தவர்கள் இல்லை.

இந்த மறுப்புகள் எனக்குப் போதவில்லை. கணக்கு தப்பு என்பதால்தான் காரியம் தப்பு என்றால், நாளைக்கு யாராவது கணக்கைச் சரியாகப் போட்டுக் கொண்டுவந்தால் என்ன செய்வது? படிப்புக்கான மரபணு மதிப்பெண் என்று இப்போதே சில நாடுகளில் கருவைச் சோதிக்கும் வணிகம் தொடங்கிவிட்டது. எனவே கேள்வியை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொள்வோம். லீயின் அறிவியல் முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் திட்டம் சரியாகிவிடுமா?

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். 10,000 வெள்ளியில் அம்மாவுக்குச் சொல்லப்பட்ட சேதி, "உனக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமா?" என்பதல்ல. "உன் பிள்ளை வந்தால் எங்கள் சராசரி இறங்கும்" என்பது. சராசரிக்குப் பசியும் நோவும் கிடையாது, அதற்கு நம்மிடம் கேட்டுப்பெற எந்த உரிமையும் இல்லை. ஒரு கூட்டத்தை எண்ணி முடித்த பிறகு கிடைக்கும் எண் அது. அந்த எண்ணை எஜமானனாக்கி, ரத்தமும் சதையுமான ஒரு பெண்ணை அதற்கு வேலைக்காரியாக்குவதுதான் தப்பு. பட்டதாரிப் பெண்ணுக்கும் இதே கதிதான்: அவருக்குக் கிடைத்த சலுகை அவருக்காக இல்லை, அவர் கருப்பைக்காக.

கூட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எப்போதும் தப்பு என்று சொல்லவில்லை. 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வோல்பாக்கியா கிருமி ஏற்றிய ஆண் கொசுக்களை வீவக பேட்டைகளில் விடுகிறது. அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது, டெங்கு குறையும். யாரும் கொசுவிடம் சம்மதம் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஏடிஸ் கொசுவில் நமக்கு முக்கியம் எத்தனை என்பது மட்டும்தான். மனிதர்களை அந்தப் பார்வையில் பார்க்கும் நிமிஷத்தில்தான் சறுக்கல் தொடங்குகிறது.

*

இதுவரைக்கும் வாசித்துவிட்டு, அரசாங்கம் செய்தது அநியாயம் என்று சொல்லி எழுந்துபோவது சுலபம். ஆனால் அரசாங்கம் இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்காத ஒன்றை நாம் எழுபது தலைமுறையாகச் செய்துவருகிறோம்.

ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் லால்ஜி சிங்கும், ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்கள் குழுவினரும் 2009 முதல் வெளியிட்ட ஆய்வுகள் ஒரு சித்திரத்தைத் தருகின்றன. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது. 2017இல் வந்த ஆய்வில், பார்த்த 260க்கும் மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்களிடம் 'நிறுவனர் விளைவு' பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட வலுவாக இருந்தது. அதாவது, சில முன்னோர்களிடம் தற்செயலாக இருந்தது வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிப் பெருகியிருக்கிறது. வைசியர்களிடம் தசைத் தளர்வு மருந்து ஒன்றைச் சிதைக்கும் நொதி குறைவாக இருப்பது மற்ற இடங்களைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். அறுவைக்கு முன் அந்த மருந்தைத் தந்தால் சிலருக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை இயங்காது என்பதால் மயக்கமருந்து மருத்துவர்கள் கவனமாக இருப்பார்கள். இது அந்தச் சமூகத்தின் குற்றமில்லை. கதவு சாத்திய எந்த வீட்டிலும் ஏதோ ஒன்று பெருகத்தான் செய்யும்.

மரபணுக்காரர்கள் இங்கே ஒரு நுட்பம் சொல்வார்கள். துணையைத் தேர்ந்து மணப்பது மட்டுமே விகிதத்தை மாற்றாது. பிரதிகள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதைத்தான் மாற்றும். நூற்றுக்கு ஒன்று என்பது அப்படியே இருக்க, இரண்டு பிரதி ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடும். ஜோடி மாறியதும் இயற்கைத் தேர்வு தன் வேலையைத் தொடங்கும். விகிதம் அப்போது மாறும். 1957இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்ட ஜே. பி. எஸ். ஹால்டேனின் மாணவர்கள் ஆந்திராவில் உறவுத் திருமணங்களைக் கணக்கெடுத்தது இதற்காகத்தான். 1970களில் வேலூரிலிருந்து நடந்த ஆய்வில், வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்திருந்தன. என் அம்மா கட்டியது அவருடைய தாய்மாமனை.

ஒரு மாணவி வகுப்பு முடிந்தபின் கேட்டாள்: "சார், அக்காவுக்கு எங்க அத்தை மகனையே பேசுறாங்க. இது தப்பா சார்?" எண்ணைச் சொன்னேன். பிறவிக் குறைபாடு பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று. அத்தை மகன், மாமன் மகள் உறவில் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் உறவில் அதைவிட அதிகம். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நலமாகத்தான் பிறக்கின்றன. பிறகு அவளிடம் ஒன்று கேட்டேன்: "அக்கா வேணாம்னு சொன்னா வீட்ல விடுவாங்களா?" அவள் பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டாள்.

ஜாதிக்குள் மணப்பது தப்பு என்று நிறுவ மரபணு நோய்களை அடுக்குகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் லீக்கு வைத்த அதே சோதனையை இங்கேயும் வைக்க வேண்டும். அகமணத்தால் ஒரு நோயும் வராது, பிள்ளைகள் கொழுகொழுவென்று பிறக்கும் என்றே வைத்துக்கொள்வோம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியது அப்போது சரியாகிவிடுமா? "நம்ம ரத்தம்" என்ற பேச்சும் "நாட்டின் தரம்" என்ற பேச்சும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இரண்டும் ஒரு பெண்ணை ஒரு கூட்டத்தின் பாத்திரமாகப் பார்க்கின்றன. அந்தக் குற்றத்தைச் சொல்ல மரபணு தேவையே இல்லை.

*

சிக்கலான இடம் இனிமேல்தான் வருகிறது.

தலசீமியா மரபணுவை இந்த ஊரில் நூற்றுக்கு நான்கைந்து பேர் சுமக்கிறார்கள். 1992 முதல் தேசியத் தலசீமியா பதிவகம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் மணமாகப் போகிறவர்களுக்கும் சோதனை, ஆலோசனை எல்லாம் உண்டு. "இதுவும் அதேதானே சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதே இல்லை. இங்கே கேட்கப்படுவது தம்பதியின் வருங்காலம், நாட்டின் சராசரி அல்ல. வேண்டாம் என்றால் யாரும் எதையும் பறிப்பதில்லை. மேலே போட்ட கணக்குப்படி பார்த்தால், இதனால் மரபணு விகிதம் பெரிதாக நகரப்போவதும் இல்லை. சுமப்பவர்கள் சுமந்துகொண்டுதான் இருப்பார்கள். மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு பிள்ளையின் வலியைப் பற்றித்தான் பேச்சு.

ஆனால் ஆயிரம் தம்பதிகள் தனித்தனியாக, சுதந்திரமாக, ஒரே பக்கம் முடிவெடுத்தால் அதுவும் ஒரு தேர்வுதானே? ஆம். அதனால்தான் சம்மதம் என்ற ஒரு சொல்லை வைத்து இதை முடித்துவிட முடியாது. அந்தச் சம்மதத்தைச் சுற்றி ஊர் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதை என் அக்காவிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

அக்கா 1979இல் பிறந்தார். பிறவியிலேயே காது கேட்காது. எந்த மரபணு என்று யாரும் பார்க்கவில்லை. தாய்மாமன் கல்யாணம் என்றதும் மருத்துவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஷாங்காயிலிருந்து வந்த பெங் ஸு யிங் என்ற காது கேளாத மனிதர் 1954இல் இங்கே ஒரு சைகைப் பள்ளி தொடங்கினார். அந்த மரபில் வளர்ந்த மவுண்ட்பேட்டன் சாலைப் பள்ளியில்தான் அக்கா படித்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது; ஆனால் ஆங்கிலச் சைகை வரும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் காது கேட்கும் மாப்பிள்ளை கொண்டுவந்தார்கள், நகைக் கணக்கோடு. அக்கா தன்னோடு படித்த, காது கேளாத ஒருவரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே கவலை: "ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னா ராத்திரி புள்ள அழுதா யாருக்குடா கேக்கும்?" பிள்ளை அழுதால் விளக்கு மின்னும் ஒரு கருவி இருக்கிறது என்று அக்கா சைகையில் விளக்கினார். இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் காது கேட்கும். காது கேளாமைக்குக் காரணமான மரபணுக்கள் நூற்றுக்கு மேல் உண்டு; பெரும்பாலானவற்றில் பெற்றோர் இருவருடையதும் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். வந்திருந்தாலும் அந்த வீட்டில் அதற்குப் பேச ஒரு மொழி இருந்தது.

லீயின் உரைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பு, 1883 நவம்பரில், தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் அமெரிக்க அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்தால் காது கேளாத ஒரு மனித வகையே உருவாகிவிடும் என்று எச்சரித்தார். சட்டம் போட்டுத் தடுப்பது கடினம் என்று கண்டு, அவர்கள் ஒன்றுசேரும் உறைவிடப் பள்ளிகளையும் சைகைமொழியையும் குறைக்கலாம் என்றார். அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது. அன்பில்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. கூட்டத்தை நினைத்துப் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் மறைந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

என் அக்கா செய்ததும் ஐந்தாவது காரணிதான். ஜாதிப் பதிவேட்டில் மாப்பிள்ளை தேடுவதும் ஐந்தாவது காரணிதான். பாடநூல் இரண்டுக்கும் ஒரே சமன்பாட்டைத் தரும். அறம் தராது. அக்கா தன் மொழி பேசும் ஒருவரோடு வாழ விரும்பினார். கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. ஜாதியில் கதவுக்கு வெளியே அரிவாள் நிற்கிறது. விகிதத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

*

மரபணு விகிதம் மாறிக்கொண்டுதான் இருக்கும். இந்தத் தீவில் மற்ற பல ஊர்களைவிட வேகமாகவே மாறும். 2011 முதல் கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் அடையாள ஆவணத்தில் இரண்டு இனங்களை இணைத்து எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன்பும் அவர்கள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள், எழுதத்தான் இடமில்லை. மனித மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கும் உள்ளேயே இருக்கிறது என்று லெவொன்டின் 1972லேயே கணக்கிட்டுக் காட்டினார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற கட்டங்களுக்குள் அடங்காதது எவ்வளவு என்பதற்கு அந்த எண் போதும்.

இந்த அறிவெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நொதி குறைந்தவருக்கு எந்த மருந்து கூடாது, இதய மரபணு பிழைத்தவரை எந்த வயதிலிருந்து கவனிக்க வேண்டும் என்று சொல்லும் அறிவு பொன்னானது. தனி ஆளுக்கு உதவும்வரை அது மருத்துவம். அடுத்த தலைமுறையில் எது நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவது கணக்கெடுப்பவர் வேலை. யாரோடு வாழ்வது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அந்த இரண்டு பேருடைய வேலை. பிறந்துவிட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் மருந்தும் பேச ஒரு மொழியும் கிடைக்கச் செய்வது ஊரின் வேலை. கணக்கெடுப்பவர் அந்த இருவருடைய வேலைக்குள் நுழைந்தால், அவர் பிரதமரானாலும் பெரியப்பாவானாலும், வாசலிலேயே நிற்கச் சொல்லிவிடலாம்.